வயல் காய்ந்தால் வருஷம் பிறக்கும்

பஞ்சாங்கக்காரர்களுக்கு வருஷம் சித்திரை ஒண்ணாம் தேதி பிறக்கிறது. எங்கள் பக்கத்துக் கொல்லம் ஆண்டுக்கு ஆவணி ஒண்ணு. ஆடிட்டர்களுக்கு ஏப்ரல் ஒண்ணு. சரி, ஒரு கிரிக்கெட் கிளப்புக்கு வருஷம் எப்போது சார் பிறக்கிறது?

எங்கள் இரணியலில் வந்து கேளுங்கள். “கும்பப்பூ அறுத்த மறுநாள்” என்று பட்டென்று பதில் வரும்.

நாகர்கோவிலுக்கு இந்தப் பக்கம் வந்திராதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். குமரி மாவட்டத்தில் நெல் இரண்டு போகம். கன்னி மாசம், அதாவது புரட்டாசியில், அறுப்பது கன்னிப்பூ. கும்ப மாசம், அதாவது மாசியில், அறுப்பது கும்பப்பூ. கும்பப்பூவை அறுத்து, சூடடித்து, வைக்கோலையும் கொண்டு போய்விட்டால் வயல் மூன்று மாசம் சும்மா கிடக்கும். அந்தச் சும்மாவில்தான் எங்கள் கிளப் உயிர் வாழ்கிறது. இடவப்பாதி மழை வந்ததும் ஆட்டம் குளோஸ்.

ஆக, எங்கள் மைதானம் எங்களுடையது இல்லை. ஒரு பாட்டாவின் வயல். (எங்கள் ஊரில் தாத்தாவைப் பாட்டா என்போம். சண்டைக்கு வராதீர்கள்.) வாடகை கிடையாது. இரண்டே கண்டிஷன்தான். வரப்பை உடைக்கக் கூடாது. அவருடைய பசு மேய வந்தால் ஆட்டத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்தப் பசுவும் லேசுப்பட்டதல்ல. மற்ற நேரமெல்லாம் ஃபைன் லெக்கில் நிற்கும். நாம் பேட்டிங் பிடிக்கும்போது மட்டும் பிட்சுக்கு வரும்.

நான் பி.காம். என்கிற ஒரே குற்றத்துக்காக எட்டு வருஷமாக நான்தான் டிரெஷரர். பேட்டிங் ஆர்டரில் பதினொன்று, கையெழுத்துப் போடுவதில் ஒன்று. கிளப்பின் சொத்து விவரம்: பேட் மூன்று (ஒன்றுக்கு ஃபெவிகால் வைத்தியம் நடந்திருக்கிறது), ஸ்டம்ப் ஐந்து, கீப்பர் கிளவுஸ் ஒரு ஜோடி (இரண்டுமே இடது கை). தேய்மானத்தை வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று கழிக்கச் சொல்லிக் காலேஜில் பாடம் நடத்தினார்கள். எங்கள் பேட்டுக்கு யார்க்கருக்கு இத்தனை சதவீதம் என்று கழிக்க வேண்டியிருக்கிறது.

மெம்பர்கள் யார் என்கிறீர்களா? ஒரு டெய்லர், ஒரு பேங்க் கிளார்க், செல்போன் ரிப்பேர் பார்ப்பவர் ஒருவர், தறி வைத்திருக்கும் வீட்டுப் பையன்கள் இரண்டு பேர். மீதிப் பேர் டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிறவர்கள். இவர்கள் பரீட்சையில் பாஸானால் டீமுக்கு நஷ்டம், ஃபெயிலானால் வீட்டுக்கு நஷ்டம். யாருக்காக வேண்டிக்கொள்வது என்று கேப்டனுக்கே குழப்பம்.

மாசிக் கடைசியில் நெல்தாளை மண்வெட்டியால் செத்தி, தண்ணீர் தெளித்து, பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று மிதித்தால் பிட்ச் ரெடி. நீளம் இருபத்திரண்டு கெஜம், அறுபத்தாறு அடி. எங்களிடம் டேப் கிடையாது, காலடிதான். குள்ளமானவன் அளந்தால் ஃபாஸ்ட் பௌலருக்குக் கொண்டாட்டம், நெட்டையன் அளந்தால் பேட்ஸ்மேனுக்குக் கொண்டாட்டம். எனவே அளக்கப்போவது யார் என்பதற்கே முதலில் டாஸ்.

சிரிக்காதீர்கள். கிரிக்கெட்டின் சரித்திரமே இப்படித்தான் இருக்கிறது. 1771-ல் இங்கிலாந்தின் ஹாம்பிள்டன் கிளப்புக்கு எதிராக ஆட வந்த தாமஸ் ஒயிட் என்பவர் ஸ்டம்பையே முழுசாக மறைக்கிற அகலத்தில் ஒரு பேட்டோடு வந்து நின்றார். அதற்கப்புறம்தான் பேட்டின் அகலம் நாலேகால் இஞ்சுக்கு மேல் போகக் கூடாது என்று வைத்தார்கள். அப்போதெல்லாம் ஸ்டம்பும் இரண்டுதான். 1775-ல் லம்பி ஸ்டீவன்ஸ் என்பவர் போட்ட பந்து ஒரே ஆட்டத்தில் மூன்று தடவை இரண்டு ஸ்டம்புக்கும் நடுவே புகுந்து போனது, பேட்ஸ்மேன் அவுட் இல்லை. அந்த வயிற்றெரிச்சலில் பிறந்ததுதான் நடு ஸ்டம்ப். ஒவ்வொரு ரூலுக்குப் பின்னாலும் ஒரு சண்டை இருக்கிறது. எங்கள் வயலில் ‘பாட்டா வீட்டு ஓட்டில் விழுந்தால் அவுட்’ என்கிற ரூல் வந்த கதையும் அப்படித்தான்.

பங்குனியும் சித்திரையும் எங்கள் பொற்காலம். சுற்று வட்டாரத்தில் எங்கே பார்த்தாலும் டென்னிஸ் பந்து டோர்னமென்ட். பரிசுக் கோப்பை கேப்டனின் இடுப்பு உயரம் இருக்கும். அதைக் கொண்டுவரும் ஆட்டோ வாடகையைக் கணக்குப் பார்த்தால் தோற்பதே லாபம். நாங்களும் லாபத்தில்தான் இருக்கிறோம். போன சித்திரையில் கடற்கரைப் பக்கத்து டீம் ஒன்றோடு மோதினோம். வலை இழுத்து வலுத்த தோள்கள். அடித்த பந்தெல்லாம் தென்னை மண்டையைத் தாண்டிப் போனது. முக்கால் மணி நேரத்தில் மேட்ச் முடிந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு அவரவர் வீட்டில் இருந்தோம்.

“இவ்வளவு சீக்கிரமா தோப்பாங்கடே?” என்று டெய்லர் அண்ணன் அழாத குறை. நான் ஆறுதல் சொன்னேன். ரஞ்சி டிராபியின் முதல் மேட்சே ஒரே நாளில் முடிந்ததுதான் அண்ணே. 1934 நவம்பர் 4, சேப்பாக்கம். மைசூர் 48-க்கு ஆல் அவுட், மெட்ராஸ் 130, மைசூர் மறுபடி 59. ஏ.ஜி.ராம்சிங் ஒருவரே 11 விக்கெட். முழுசாகக் கேட்டுவிட்டு அண்ணன் ஒரே கேள்விதான் கேட்டார்.

“அதுல நாம மெட்ராஸா, மைசூரா?”

வைகாசி பாதியில் பாட்டா வரப்பில் வந்து உட்கார்ந்தார். பசு வரவில்லை. அப்போதே எனக்கு என்னவோ போலிருந்தது.

“மக்கா, நெல்லு போட்டா கூலி குடுத்தது போக கையில ஒண்ணும் நிக்கல்ல. இந்தத் தடவை ஏத்தன் வாழை வைக்கலாம்னு இருக்கேன். நீங்க வேற எடம் பாத்துக்கிடுங்க, கேட்டியளா?”

“வாழை வெட்டின பெறவு ஆடலாமா பாட்டா?”

“வாழைக்கு ஏதுடே லீவு? ஒண்ணு வெட்டுனா பக்கத்துல கன்னு நிக்கும்.”

அவர்மேல் எப்படிக் கோபப்படுவது, சொல்லுங்கள்? எங்கள் தாலுகாவில் வயலாக இருந்து வாழையானதும், வாழையாக இருந்து தென்னையானதும், கடைசியில் வீடானதும் எத்தனையோ. நெல்லில் மிச்சமில்லாத மனுஷன், நாங்கள் ஆறு பந்து போடுவதற்காக நெல் போடுவாரா? அன்றைக்கு பிட்ச்சிலிருந்து ஸ்டம்பைப் பிடுங்கும்போது யாரும் ஒன்றும் பேசவில்லை. நாலாம் நாள் மழை பிடித்தது. பதினைந்தாம் நாள் ஷார்ட் மிட் ஆஃபில் முதல் வாழைக்கன்று நட்டாயிற்று.

ஆனி, ஆடி இரண்டும் காற்றடி மாசம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பி முப்பந்தலில் காற்றாலைகளே நிற்கின்றன. டென்னிஸ் பந்து எம்மாத்திரம்? அதனால் அது எங்களுக்கு ஆண்டுப் பொதுக்குழு சீசன். நோட்டீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோம். குரூப்பில் முப்பத்தாறு பேர். கட்டை விரல் தூக்கிக் காட்டியவர்கள் இருபத்தொரு பேர். டெய்லர் கடைக்கு வந்து சேர்ந்தவர்கள், என்னையும் சேர்த்து நாலு பேர்.

அதே ஹாம்பிள்டன் கிளப் ஞாபகம் வந்தது. 1777-ல் இங்கிலாந்து டீமையே இன்னிங்ஸ் வித்தியாசத்தில் தோற்கடித்த கிராமத்து கிளப் அது. 1787-ல் லண்டனில் எம்.சி.சி. ஆரம்பமானதும் பணமும் பெரிய மனிதர்களும் லண்டன் பக்கம் நகர்ந்தார்கள். 1796 செப்டம்பர் 21 கூட்டத்துக்கான மினிட்ஸ் புத்தகத்தில் ஒரே ஒரு குறிப்புதான். கனவான்கள் ஒருவரும் வரவில்லை. அதோடு மினிட்ஸும் இல்லை, கிளப்பும் இல்லை.

மைதானம் போனதாலோ, மேட்ச் தோற்றதாலோ அந்த கிளப் சாகவில்லை, கவனித்தீர்களா? கூட்டத்துக்கு ஆள் வராமல்தான் செத்தது. எங்கள் மினிட்ஸில் நான் பெரிதாக எழுதினேன்: ‘வந்தவர்கள் நால்வர். டீ நான்கு. பருப்பு வடை ஏழு.’ (எட்டாவது வடையை டெய்லர் கடைப் பூனை எடுத்துக்கொண்டது. அதற்கு வோட்டுரிமை இல்லை.)

இந்த இடத்தில் கணக்கியல் வகுப்பு ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. ‘உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை’ என்று உருப்போட வைத்தார்கள். வெளியே போவது எப்படி சார் வரவாகும் என்று அப்போது புரியவே இல்லை. கிளப் கணக்கு எழுதியபோதுதான் புரிந்தது. துபாய்க்குப் போன ஓப்பனிங் பேட்ஸ்மேன், மஸ்கட்டுக்குப் போன ஸ்பின்னர், சென்னையில் ஐ.டி. கம்பெனியில் உட்கார்ந்திருக்கும் கீப்பர்... வெளியே போன இவர்கள் மூன்று பேரும்தான் ஒழுங்காகச் சந்தா அனுப்புகிறார்கள். ஊரிலேயே இருப்பவனிடம் கேட்டால் “ஜீபே ஒர்க் ஆகல்ல” என்கிறான்.

ஐப்பசியும் கார்த்திகையும் மறுபடி மழை. தென்மேற்கும் நனைக்கும், வடகிழக்கும் நனைக்கும், நடுவில் நாங்கள் ஆட வேண்டும். டக்வொர்த்தும் லூயிஸும் எங்கள் ஊரில் பிறந்திருந்தால் மழை விதியைக் கண்டுபிடிக்க 1990-கள் வரை காத்திருக்க மாட்டார்கள். அந்த மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு இடம் தேடினோம். பள்ளிக்கூட மைதானத்தில் பூட்டு. கோயில் மைதானத்தில் கமிட்டி. வேணாட்டு ராஜாக்கள் வாழ்ந்த அரண்மனை எங்கள் ஊரில்தான் இருக்கிறது. அதன் பக்கம் பந்தோடு போனால் எந்த ராஜா காலத்துச் சுவரை உடைத்தோம் என்று ஊரே கேட்கும்.

சலித்துப்போய் உட்கார்ந்த அன்றைக்குப் பையன்களுக்கு புச்சிபாபு நாயுடு கதையைச் சொன்னேன். சேப்பாக்கத்தில் 1846-லேயே வெள்ளைக்காரர்களுக்கு மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் இருந்தது. அங்கே ஆடப்போகும் நம்மவர்களுக்கு பெவிலியனில் இடமில்லை, மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அது பொறுக்காமல் 1888-ல் அவர் ஆரம்பித்ததுதான் மெட்ராஸ் யுனைடெட் கிளப். இரண்டு தரப்பும் மோதுகிற மேட்ச்சுக்கு 1908-ல் ஏற்பாடு செய்துவிட்டு, அதைப் பார்க்காமலே காலமாகிவிட்டார். மேட்ச் நிற்கவில்லை. பின்னால் பொங்கல்தோறும் மெட்ராஸே திரண்டு பார்த்த பிரஸிடென்ஸி மேட்ச் அந்த விதையில் முளைத்ததுதான்.

“அப்போ அவருக்கும் கிரவுண்டுதான் பிரச்னையா?” என்றான் ஒருத்தன்.

ஆமாண்டே. உட்கார ஒரு இடம் இல்லாமல்தான் அந்த கிளப்பே ஆரம்பித்தது.

தை பிறந்தது. வழியும் பிறந்தது, கல் நட்ட வடிவத்தில். திங்கள்சந்தைக்குப் போகும் வழியில் ஒரு தோப்பை அழித்து பிளாட் போட்டிருந்தார்கள். செடி கொடி இல்லாத சமதரை. சுற்றிலும் மஞ்சள் கல், பவுண்டரியை அவர்களே போட்டுக் கொடுத்த மாதிரி. நடுவில் இருபதடி ரோடு, ரன்னப் எடுக்க எடுப்பாக. வாட்ச்மேன் கிரிக்கெட் ரசிகர். புரோக்கருக்கும் ஆட்சேபணை இல்லை. கூட்டம் இருந்தால் இடம் விலை போகும் என்கிறார். கிரிக்கெட் பிட்ச்சின் இருபத்திரண்டு கெஜம் என்பது சர்வேயர்கள் நிலம் அளந்த சங்கிலியின் நீளம். நிலம் அளக்கிற சங்கிலியில் பிறந்த ஆட்டம், நிலத்தை அளந்து விற்கிற இடத்திலேயே வந்து ஒண்டிக்கொண்டது.

இந்த வருஷக் கும்பப்பூ அறுவடைக்கு நாங்கள் காத்திருக்கவில்லை. பொங்கலுக்கே சீசனை ஆரம்பித்துவிட்டோம். அப்புறம் ஒரு நாள் பாட்டா வந்திருந்தார். கையில் ஒரு சீப்பு ஏத்தம்பழம். “உங்க ஷார்ட் மிட் ஆஃபுல காய்ச்சதுடே” என்றார். (வார்த்தையை யார் சொல்லிக் கொடுத்தார்களோ!) சாப்பிட்டுப் பார்த்தோம். அந்த இடத்தில் நாங்கள் பிடித்த எந்தக் கேட்சும் அவ்வளவு இனிப்பாக இருந்ததில்லை.

ஒரே பயம், பிளாட் விற்றுப்போவதுதான். ஒன்று விற்றால் பாயின்ட் போகும், இன்னொன்று விற்றால் கவர்ஸ் போகும். போன வாரம் மிட் விக்கெட் விற்றுவிட்டது. யார் வாங்கியது என்று விசாரித்தால், துபாய்க்குப் போன எங்கள் ஓப்பனிங் பேட்ஸ்மேன்! ராத்திரியே போன் போட்டேன். சிரித்தான்.

“வீடு கெட்ட இன்னும் ரெண்டு வருசமாவும் அண்ணே. அது வரைக்கும் ஆடுங்க. ஜன்னல் வெச்ச பெறவு லெக் சைடு கெடையாது, இப்பமே சொல்லிட்டேன்.”

மினிட்ஸில் ஏற்றிவிட்டேன். ஒரு சந்தேகம்தான் பாக்கி. மிட் விக்கெட்டை இனி சொத்துப் பக்கம் எழுதுவதா, கடன் பக்கம் எழுதுவதா? ஆடிட்டர் யாராவது படித்தால் சொல்லுங்களேன். ஃபீஸாக ஏத்தம்பழம் தருகிறோம்.