கருந்திரையில் வெள்ளெழுத்து

நாற்பது வயதைக் கடந்தோர் கண்ணுக்கு வரும் குறையை வெள்ளெழுத்து என்று நம் முன்னோர் வழங்கினர். இக்காலத்தில் அப்பெயருக்கு இரண்டாவது பொருளொன்றும் வாய்த்திருக்கிறது. கணினியின் கருந்திரையிலே வெண்ணிற எழுத்துகள் எறும்புச் சாரை போல ஊர்ந்து வர, அவற்றைப் படிக்க இயலாமல் இருபது வயது மாணவனும் கண்ணைச் சுருக்குகின்றான். முதலாவது குறைக்குக் கண்ணாடி மருந்து. இரண்டாவது குறை கண்ணில் இல்லை, இயந்திரத்தில் இருக்கிறது. அதனைத் தீர்க்கும் வழியை இவ்வாரம் ஆராய்வோம்.

கொன்சோல் எனப்படுவது யாது? படங்களும் சாளரங்களுமின்றி, எழுத்தால் மட்டுமே கணினியோடு உரையாடும் திரை அது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் 1969 ஆம் ஆண்டில் யூனிக்ஸ் என்னும் இயக்குதளத்தை ஆக்கத் தொடங்கினர். தட்டச்சுப்பொறி போன்ற கருவியொன்று கணினியின் விடைகளைத் தாளில் அச்சிட்டது. அந்த மரபைப் பின்பற்றிப் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் தொடங்கியதே லினக்ஸ். சாளரங்கள் செயலற்றுப்போகும் நாளிலே கணினியை மீட்க எஞ்சி நிற்கும் வாசல் கொன்சோலேயாகும். ஆபத்து வேளையில் திறக்கும் அவ்வாசலில் எழுத்துத் தெரியாவிட்டால் என்னாகும்? அழித்தற் கட்டளையில் புள்ளியொன்றையோ இடைவெளியொன்றையோ பிழையாகப் படித்துவிட்டால், பல மாத உழைப்பு ஒரு நொடியில் மறைந்துவிடும். ஆதலால், எழுத்தைப் பெரிதாக்குதல் ஆடம்பரமன்று, பாதுகாப்பாகும்.

எழுத்து ஏன் இவ்வளவு சிறுத்தது? 1987 இல் வந்த வி.ஜி.ஏ. முறையில் எழுத்துத் திரை ஒரு வரிக்கு 80 எழுத்துகளும், மொத்தம் 25 வரிகளும் கொண்டிருந்தது. ஓர் எழுத்தின் உயரம் 16 புள்ளிகள். இன்றைய நுண்திரைகளிலோ குறுக்கே 3840 புள்ளிகளும் நெடுக்கே 2160 புள்ளிகளும் உள்ளன. 8 புள்ளி அகலமும் 16 புள்ளி உயரமும் கொண்ட அதே எழுத்தை அங்கே இட்டால், 480 எழுத்து நீளமான வரிகள் 135 தோன்றும். 14 அங்குல மடிக்கணினியில் ஒரு வரியின் உயரம் ஏறத்தாழ 1.3 மில்லிமீற்றர்; ஒரு நெல்மணியின் அகலம்கூட இல்லை! புள்ளிகள் பெருகின; எழுத்தோ பழைய அளவிலேயே நின்றுவிட்டது. இதுவே நோயின் மூலம்.

இனிப் பரிகாரம். கொன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய விசைகளை ஒருங்கே அழுத்தினால் லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் கொன்சோல் தோன்றும். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே சென்று, நிர்வாகி உரிமையோடு, 'செட்ஃபொன்ட்' என்னும் கட்டளையை ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடும் 'டி' என்னும் சிறிய எழுத்தும் சேர்க்க வேண்டும். அண்மைக்காலப் பதிப்புகளில் எழுத்து அக்கணமே இருமடங்காகும். கணினியை அணைத்தால் மாற்றமும் அகன்றுவிடும். ஆகவே அஞ்சாமல் சோதித்துப் பார்க்கலாம்.

நிலையான மாற்றம் வேண்டுவோர், டெபியன், உபுண்டு வகைகளில் 'டிபிகேஜி-ரீகொன்ஃபிகர்' என்னும் கட்டளையோடு 'கொன்சோல்-செட்டப்' என்னும் பெயரைச் சேர்த்து, நிர்வாகி உரிமையுடன் இயக்குக. வினாக்கள் ஒவ்வொன்றாக வரும். எழுத்துருவாக டெர்மினஸையும், அளவாக 16க்கு 32 என்பதையும் தெரிவு செய்க. நெடுநேரம் திரை நோக்கி உழைப்போருக்கென்றே வரையப்பட்ட எழுத்துரு அது. இதே அளவு எழுத்துரு 2019 இல் வெளிவந்த லினக்ஸ் 5.0 கருவிலும் சேர்க்கப்பட்டது. ஃபிரீபிஎஸ்டி என்னும் மற்றொரு யூனிக்ஸ் வழித்தோன்றலில் 'விட்கொன்ட்ரோல்' என்னும் கட்டளை இப்பணியைச் செய்கிறது.

அளவோடு நிறத்தையும் கவனித்தல் வேண்டும். லினக்ஸ் கொன்சோலின் எழுத்துருவில் 256 வடிவங்களோ, மிஞ்சினால் 512 வடிவங்களோதான் இருக்கலாம். 512 உடையதைத் தேர்ந்தால் எழுத்து நிறங்கள் 16 இலிருந்து 8 ஆகக் குறைந்துவிடும், ஒளிர்நிறங்கள் மறையும். கறுப்பின்மேல் கருநீலம் படிப்பது எவர் கண்ணுக்கும் துன்பமே. ஆங்கிலம் மட்டும் போதுமானால் 256 வடிவங்கள் உடையதே நன்று.

தமிழ் எழுத்துகள் 247தானே, அவை 512 இல் அடங்காவோ என்று மாணவர் வினவலாம். நல்ல வினா! எண்ணிக்கையன்று தடை. கொன்சோல் ஒரு குறியீட்டை ஒரு கட்டத்தில் வைக்கும். அவ்வளவே அதற்குத் தெரியும். 'கொ' என்பதில் ககரத்தின் முன்னே ஒரு குறியும் பின்னே ஒரு குறியும் வந்து சூழ்கின்றன. அவ்வாறு கூட்டி எழுதும் ஆற்றல் அதற்கில்லை. எனவே தமிழைப் படிக்கச் சாளரங்களுள்ள திரைக்கே மீள வேண்டும்.

மாணவர்காள், எழுத்துத் தெரியவில்லை என்று கூறுவதில் நாணம் வேண்டா. வீட்டுக் கணினியில் ஆபத்து நேருமுன்னரே, ஓய்வான மாலையொன்றில் இச்சிறு மாற்றத்தைச் செய்து வையுங்கள். பின்னொரு நாள் தந்தையாரோ தாயாரோ உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று திரையை நோக்கும்போது, அவர்களுக்கும் அது தெளிவாகத் தெரியட்டும்.