தீட்டு குடியிருப்பது எங்கே?

2023 ஜனவரியில், சேலத்தையடுத்த திருமலைகிரியில், மாரியம்மன் கோவிலுக்குள் சென்ற ஆதித்திராவிட இளைஞர் ஒருவரை ஊரார் முன்னிலையில் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அவர் கால் பட்டால் தீட்டு என்பதல்லாமல் இதற்கு வேறென்ன அர்த்தம்?

அந்தத் தீட்டு சரீரத்தில் எங்கேயிருக்கிறது என்று கேட்கிறோம். தோலின் மேற்புறம் முழுதும் செத்த உயிரணுக்களே. அவை உதிர உதிர, அடியிலிருந்து புதியவை வருகின்றன. சுமார் ஒரு மாதத்தில் மேல்தோலே புதிது. குடலின் உட்புறமோ 3 முதல் 5 நாட்களில் புதிது.

இத்தனை சாவு நடந்தும் குடல் ஏன் ஓட்டையாகவில்லை? சாகும் உயிரணுவைச் சுற்றியுள்ளவை சுருக்குப்பை வாய்போல் இறுகி, அதை வெளியே தள்ளும்போதே இடைவெளியை மூடிவிடுகின்றன. அறுந்த இழையைச் சேலத்து நெசவாளி உடனே பிணைப்பதில்லையா, அதுபோலத்தான். இதை 2001-இல் விஞ்ஞானிகள் விளக்கினார்கள். அர்ச்சகர் குடலிலும் அந்த இளைஞர் குடலிலும் நடப்பது இதே வேலைதான்.

மூளையின் நரம்பணுக்களோ பெரும்பாலும் ஆயுள்வரை மாறுவதில்லை. தீட்டு உதிராமல் ஒட்டிக்கொண்டிருப்பது அங்கேதான்; அதுவும் ஏசியவர்களின் மூளையில்! அதை உதிர்க்கப் பகுத்தறிவைத் தவிர வேறு மருந்தில்லை.