பனியனுக்கு இருக்கிற செக்கிங் கூட பொண்ணுக்கு இல்லையா?

1/ வெளிநாட்டில் இருக்கும் கணவரைப் பார்க்க முதல் தடவை விமானம் ஏறப்போகும் பெண்களுக்கும், அவங்களை வழியனுப்பும் குடும்பங்களுக்கும் இந்த இழை. கொஞ்சம் நீளம். கொஞ்சம் கோபமும் இருக்கு. பொறுமையா கடைசி வரை படிச்சிருங்க.

2/ நான் அவிநாசியில் அரசு மருத்துவமனை டாக்டர். எம்பிபிஎஸ். எங்க ஊர்ப் பக்கம் மாப்பிள்ளை சான் ஃபிரான்சிஸ்கோவில் இருப்பார், இல்லைன்னா மெல்போர்னில். லீவுக்கு வந்து தாலி கட்டிட்டு, விருந்து முடியறதுக்குள்ள கிளம்பிடுவார். விசா கைக்கு வர்ற வரைக்கும் பொண்ணு வீடியோ காலில்தான் குடும்பம் நடத்தணும்.

3/ விசா வந்துட்டா வீடே பரபரப்பாகிடும். பருப்புப் பொடி அரைக்கணும், ஊறுகாய் பேக் பண்ணணும், பெட்டி எத்தனை கிலோன்னு மூணு தடவை தராசு வைக்கணும். அந்த லிஸ்டில் யாரும் சத்தமா சொல்லாத ஒரு ஐட்டமும் இருக்கு: மெடிக்கல் ஷாப்பில் வாங்குற "தள்ளிப் போடற மாத்திரை".

4/ மாதக்கணக்கில் பிரிஞ்சிருந்துட்டு போறா, போய் இறங்குற அன்னைக்கு "வீட்டுக்குத் தூரம்" ஆகிடக்கூடாது. அதான் காரணம். இதை மாமியார் சொல்வாங்க, அம்மா சொல்வாங்க, சில நேரம் பொண்ணே முடிவு பண்ணிடும். சீட்டு இல்லாமலே கடையில் ஒரு அட்டை கைக்கு வந்துடும்.

5/ நான் சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணு. நீண்ட விமானப் பயணத்துக்கு முன்னாடி இந்த மாத்திரையை யாரையும் கேட்காம போடாதீங்க. போடச் சொல்லி எந்தப் பொண்ணையும் கட்டாயப்படுத்தாதீங்க. ஏன்னு விளக்கமா சொல்றேன்.

6/ மாத்திரையின் பெயர் நாரெத்திஸ்டிரோன். வழக்கமா 5 மி.கி., ஒரு நாளைக்கு மூணு வேளை. மாதவிலக்கு தேதிக்கு மூணு நாள் முன்னாடி ஆரம்பிப்பாங்க. நிறுத்தின ரெண்டு மூணு நாளில் மாதவிலக்கு வரும். "இது வெறும் புரோஜெஸ்டிரான் வகைதானே, ரத்தம் உறையாதே"ன்னு படிச்சவங்களே சொல்றதுண்டு.

7/ விஷயம் அவ்வளவு எளிது இல்லை. இந்த அளவில் போடும்போது, மாத்திரையில் ஒரு பங்கு உடம்புக்குள்ள எத்தினைல் எஸ்ட்ராடயால் என்ற ஈஸ்ட்ரோஜனா மாறுது. ஒரு நாளைக்கு 10 முதல் 20 மி.கி. போட்டா, 20 முதல் 30 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் இருக்கிற கருத்தடை மாத்திரையைப் போட்ட மாதிரி. கருத்தடை மாத்திரைன்னு சொன்னா நாலு கேள்வி கேட்கிற குடும்பம், இதை மிட்டாய் மாதிரி கையில் குடுக்குது.

8/ ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கூட்டும். இது பாதிக் கதை. மீதிப் பாதி விமான சீட்டில் இருக்கு.

9/ காலில் இருக்கிற ரத்தம் மேலே இதயத்துக்கு ஏறணும்னா கெண்டைக்கால் தசை சுருங்கி விரியணும். அதுதான் மோட்டார். மோட்டார் ஓடலைன்னா மேல் டேங்குக்குத் தண்ணி ஏறாது இல்லையா, அதேதான். அசையாம உட்கார்ந்தா காலில் ரத்தம் தேங்கும். தேங்கின ரத்தம் ஆழத்தில் இருக்கிற சிரையில் உறைஞ்சா அதுக்குப் பேர் டிவிடி. அந்தக் கட்டி பிய்ச்சுக்கிட்டுப் போய் நுரையீரல் ரத்தக்குழாயை அடைச்சா, பல்மனரி எம்பாலிசம். ஆளைக் கொல்றது இதுதான்.

10/ கோவையிலிருந்து சிங்கப்பூர் நாலரை மணி நேரம். அங்கிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ 15 மணி நேரம் போல. பனியன் கம்பெனிக் கணக்கில் ரெண்டாவது விமானம் மட்டுமே கிட்டத்தட்ட ரெண்டு ஷிப்ட். ஆனா டெய்லர் பெடலை மிதிச்சுக்கிட்டே இருப்பார், டீ டைமுக்கு எழுந்து போவார். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்த புதுப்பொண்ணு, பக்கத்தில் தூங்குற ரெண்டு பேரை எழுப்பக் கூச்சப்பட்டு பாத்ரூமுக்குக் கூட போகாது. அதுக்காகவே தண்ணியும் குடிக்காது.

11/ இது புதுசா கண்டுபிடிச்ச பயம் இல்லை. 1940-ல் லண்டனில் குண்டு விழுந்துக்கிட்டிருந்தப்போ, பதுங்கிடங்களில் ராத்திரி முழுக்க கேன்வாஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவங்க நுரையீரல் அடைப்பில் செத்ததை கீத் சிம்ப்சன் என்ற மருத்துவர் எழுதினார். 1954-ல் 14 மணி நேர விமானப் பயணத்துக்குப் பிறகு காலில் ரத்தம் உறைஞ்ச ஒருத்தரைப் பற்றி ஜான் ஹோமன்ஸ் எழுதினார். அந்த நோயாளியே ஒரு டாக்டர்.

12/ 2000 அக்டோபரில் சிட்னியிலிருந்து லண்டன் வந்து இறங்கின 28 வயசு பெண், ஹீத்ரோ விமான நிலையத்திலேயே சுருண்டு விழுந்து இறந்தார். அதுக்கப்புறம்தான் உலகம் இதைப் பெரிசா பேச ஆரம்பிச்சது.

13/ பயமுறுத்த வரலை, எண்ணிக்கையைச் சொல்லிடறேன். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்ன கணக்கு: நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாம உட்கார்ந்து பயணம் செஞ்சா, ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்காகும். ஆனாலும் அது 6,000 பேரில் ஒருத்தருக்குத்தான். அதாவது பெரும்பாலானவங்க பத்திரமா போய்ச் சேருவாங்க. நீங்களும் அப்படித்தான் போய்ச் சேருவீங்க.

14/ அப்புறம் ஏன் கத்தறேன்? அந்த 6,000 பேருக்கும் ஆபத்து ஒரே அளவு இல்லை. நெதர்லாந்தில் லைடன் மருத்துவர்கள், முதல் தடவை ரத்தக்கட்டி வந்த 1,906 பேரை அவங்க துணைவர்களோட ஒப்பிட்டு 2006-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கு. கருத்தடை மாத்திரையும் நீண்ட பயணமும் சேர்ந்தவங்களுக்கு ஆபத்து 20 மடங்குக்கு மேல் வந்தது. அது தள்ளிப் போடற மாத்திரையைப் பற்றின ஆய்வு இல்லைதான். ஆனா அந்த மாத்திரை உடம்புக்குள்ள என்னவா மாறுதுன்னு ஏழாவது பதிவில் சொன்னேன். திரும்பப் போய்ப் படிங்க.

15/ அதே ஆய்வில் இன்னொண்ணு. விமானத்தில் ரொம்ப உயரமானவங்களுக்கு மட்டும் இல்லை, 1.60 மீட்டருக்குக் குறைவானவங்களுக்கும் ஆபத்து கூடுச்சு. 1.60 மீட்டர்னா அஞ்சே கால் அடி. நம்ம ஊர்ப் பெண்களில் பெரும்பாலோர் அதுக்குள்ளதான். பாதம் தரையைத் தொடாது, சீட்டின் விளிம்பு முழங்காலுக்குப் பின்னாடி அழுத்தும். அந்த சீட்டை நம்ம அளவுக்கா தைச்சாங்க?

16/ ஒரு சம்பவம், அடையாளம் தெரியாம மாத்திச் சொல்றேன். ஓபி-க்கு ஒரு மாமியாரும் மருமகளும் வந்தாங்க. பேசினது மாமியார் மட்டும். "டாக்டரம்மா, எட்டு மாசங் கழிச்சுப் போறாளுங்க. போனதும் ஒதுங்கி உக்காந்தா நல்லாவா இருக்கும்? ஒரு பத்து நாளு தள்ளிப் போற மாதிரி எழுதிக் குடுங்க."

17/ நான் மருமகளைக் கேட்டேன்: "உங்களுக்கோ வீட்டில் யாருக்காவதோ ரத்தம் கட்டினது உண்டுங்களா?" அந்தப் பொண்ணு முதல் தடவையா வாயைத் திறந்துச்சு. தன் அம்மாவுக்குப் பிரசவத்துக்கப்புறம் ஒரு கால் மட்டும் வீங்கி, மாசக்கணக்கில் ரத்தம் உறையாம இருக்க ஊசியும் மாத்திரையும் எடுத்தாங்களாம். மாமியாருக்கு அது அன்னைக்குத்தான் தெரியும். யாரும் கேட்கலை, பொண்ணும் சொல்லலை.

18/ எழுதித் தர மாட்டேன்னேன். "கடையில கேட்டா குடுத்துருவாங்க டாக்டரம்மா"ன்னாங்க. உண்மைதான், குடுத்துருவாங்க. அப்புறம் நான் கேட்டது: "உங்க பையன்கிட்ட இதைக் கேட்டீங்களா?" அங்கேயே போன் போட்டாங்க. அந்தப் பக்கம் தூக்கக் கலக்கத்தில் வந்த பதில்: "அதுக்கு எதுக்கும்மா மாத்திரை? வந்தா வரட்டும்."

19/ அவ்வளவுதாங்க. யாருக்காக அந்தப் பொண்ணு ரத்தத்தை உறைய வைக்கப் பார்த்தாங்களோ, அந்த ஆள்கிட்டே யாரும் கேட்கலை. அவ மாத்திரை இல்லாம, டாக்டர் சொன்ன சாக்ஸும் பையில் நாலு நாப்கினும் எடுத்துக்கிட்டுப் போனா. வழியிலேயே மாதவிலக்கு வந்துச்சாம். உலகம் ஒண்ணும் இடிஞ்சு விழலை.

20/ இனி நேரா சில பேருக்கு. மெடிக்கல் கடைக்காரரே, இது டாக்டர் சீட்டைப் பார்த்துக் குடுக்க வேண்டிய மாத்திரை. சக டாக்டர்களே, "எப்போ ஃப்ளைட், எத்தனை மணி நேரம்"னு ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்க, அரை நிமிஷம்தான் ஆகும். மாப்பிள்ளைகளே, டிக்கெட் போடும்போதே "தேதியைப் பத்திக் கவலைப்படாதே"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தைக்கு இருக்கிற மதிப்பு எந்த மருந்துக்கும் இல்லை.

21/ "எங்க வீட்டில் எல்லாரும் போட்டாங்க, ஒண்ணும் ஆகலை"ன்னு வருவீங்க. அவிநாசி ரோட்டில் ஹெல்மெட் போடாம தினம் போறவரும் இதைத்தான் சொல்றார். ஒண்ணும் ஆகாத வரைக்கும் அவர் சொல்றது சரி.

22/ "அப்போ மாத்திரையே விஷமா?" இல்லை. அதிக ரத்தப்போக்குக்கு நானே எழுதறேன். பரிசோதிச்சு, குடும்ப வரலாறு கேட்டு, ஆபத்து இல்லைன்னு தெரிஞ்சு, சில நாளுக்குக் குடுக்கலாம். தள்ளிப் போடறது பொண்ணோட சொந்த விருப்பம்னா அதுக்கும் மரியாதை உண்டு, வேற வழிகளும் உண்டு, வந்து கேளுங்க. கேட்காம போடறதைத்தான் எதிர்க்கிறேன்.

23/ விமானம் ஏறும் முன் இந்த அஞ்சு கேள்வி. உங்களுக்கோ அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்களுக்கோ ரத்தக்கட்டி வந்ததா? பிசிஓடி-க்கோ கருத்தடைக்கோ ஹார்மோன் மாத்திரை போடறீங்களா? கர்ப்பமா, அல்லது பிரசவமாகி ஆறு வாரத்துக்குள்ளயா? சமீபத்தில் ஆபரேஷன், மாவுக்கட்டு, புற்றுநோய் சிகிச்சை உண்டா? உடல் பருமன் உண்டா? ஒண்ணுக்கு "ஆமா"ன்னாலும் டாக்டரைப் பார்க்காம கிளம்பாதீங்க. போட்டுக்கிட்டிருக்கிற மாத்திரையை நீங்களா நிறுத்தவும் வேண்டாம்.

24/ மூணாவது கேள்வியை அழுத்திச் சொல்றேன். தாய் வீட்டில் பிரசவம் முடிஞ்சு, "அப்பா குழந்தையைப் பார்க்கணும்"னு அவசரமா அனுப்புற வீடுகள் நிறைய. பிரசவத்துக்குப் பிறகான முதல் ஆறு வாரம்தான் ரத்தம் உறையும் ஆபத்து உச்சத்தில் இருக்கும் காலம். சிசேரியன்னா இன்னும் கூடுதல். அப்பா வீடியோ காலில் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கட்டும்.

25/ விமானத்தில்: முடிஞ்சா நடைபாதை ஓர சீட். விழிச்சிருக்கும்போது மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்க. உட்கார்ந்தே குதிகாலையும் முன்பாதத்தையும் மாத்தி மாத்தித் தூக்குங்க. கால் எட்டலைன்னா கைப்பையைக் கீழே வெச்சுப் பாதத்தை ஊன்றுங்க. தண்ணி குடிங்க. தூக்க மாத்திரை வேண்டாம். "ஆஸ்பிரின் போட்டா போதும்"னு வர்ற வாட்ஸ்அப்பை நம்ப வேண்டாம், இதுக்காக எல்லாரும் அதைப் போடணும்னு வழிகாட்டுதல் இல்லை.

26/ ஆபத்து கூடினவங்களுக்கு கம்ப்ரஷன் சாக்ஸ். கணுக்காலில் அதிக இறுக்கம், மேலே வர வரக் குறையும், முழங்காலுக்குக் கீழே வரை. இறுக்கமான லெக்கின்ஸ் அதுக்கு ஈடாகாது. பின்னலாடை ஊர்க்காரங்களுக்கு நான் துணியைப் பத்திச் சொல்லித் தரத் தேவையில்லை. அளவு மட்டும் காலை அளந்து வாங்குங்க. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைஞ்சவங்களும் காலுக்கு ரத்த ஓட்டம் குறைவானவங்களும் கேட்டுட்டுத்தான் போடணும்.

27/ ரெண்டு காலும் லேசா வீங்கினா பெரும்பாலும் சாதாரணம்தான், ஒண்ணு ரெண்டு நாளில் வடியும். ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா, சூடா இருந்தா, அன்னைக்கே மருத்துவமனை. திடீர் மூச்சுத்திணறல், மூச்சிழுத்தா நெஞ்சு வலி, இருமலில் ரத்தம், மயக்கம் வந்தா உடனே ஆம்புலன்ஸ். அமெரிக்கா 911, ஆஸ்திரேலியா 000, பிரிட்டன் 999, சிங்கப்பூர் 995, அமீரகம் 998. பயணம் முடிஞ்சு சில வாரம் வரைக்கும் இது வரலாம். போன இடத்தில் செலவுக்குப் பயந்து கால் வலியை மறைக்காதீங்க. பயணக் காப்பீடு போட்டுட்டுக் கிளம்புங்க.

28/ முதலை விழுங்கின பிள்ளையை சுந்தரர் பாடி மீட்டுக் கொடுத்த ஊர்னு அவிநாசிக்குப் பேர். நுரையீரலை அடைச்ச கட்டி அப்படி யார் பாடினாலும் திருப்பித் தராது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தா மருந்து இருக்கு, பிழைக்கலாம். வராமலே தடுக்க முடிஞ்சதை எதுக்கு அவ்வளவு தூரம் விடணும்?

29/ இங்கிருந்து கப்பல் ஏறும் ஒரு டி-ஷர்ட்டை எத்தனை பேர் பார்க்கிறாங்கன்னு உங்களுக்கே தெரியும். செக்கிங் டேபிளில் தையல் பார்க்கணும், அளவு பார்க்கணும். உடைஞ்ச ஊசித் துண்டு உள்ளே இருக்குமோன்னு மெஷினில் விட்டுப் பார்க்கணும். பையர் திருப்பி அனுப்பிடுவான்னு பயம். நம்ம வீட்டுப் பொண்ணை அனுப்பும்போது பெட்டியோட எடையை மட்டும் பார்க்கிறோம்.

30/ விசா வந்த வாரமே பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வாங்க. ஓபி சீட்டுக்குக் காசு இல்லை. "இந்தத் தேதியில் இத்தனை மணி நேரம் விமானத்தில் போறேன்"னு சொல்லுங்க. பேசறது பொண்ணா இருக்கட்டும். கூட வர்றவங்க கொஞ்சம் வெளியில் உட்காருங்க.