முதற்பாடம்

அறிவு நாடி அயல்நாடு செல்லும் மாணவர் தொகை இக்காலத்துப் பெருகி வருகின்றது. அந்நாடுகளின் பல்கலைக்கழகங்கள் பலவும், வகுப்புகள் தொடங்குமுன் ஒரு வார காலத்தைப் புதிய மாணவர்க்கென ஒதுக்குகின்றன. அதனை அறிமுக வாரம் எனலாம். நூலகத்தைப் பயன்படுத்தும் முறை, ஆய்வுக்கூடத்தில் பேண வேண்டிய ஒழுங்கு, நோயுற்றால் அணுக வேண்டிய இடம், வங்கியில் கணக்குத் தொடங்கும் வழி, பிறர் எழுத்தைத் தம்முடையதாகக் காட்டலாகாது என்னும் நெறி ஆகியவை அவ்வாரத்தில் எடுத்துரைக்கப்படும். "அறிவுடைய மாணவனுக்கு இவற்றை ஒருவர் சொல்லவும் வேண்டுமோ? இது வீண் ஆரவாரமன்றோ?" என்று வினவுவாரும் உளர். அவர் கருத்துப் பொருந்தாது என்பதை வாழ்க்கை நிகழ்ச்சிகள் சில தெளிவாகக் காட்டும்.

கணிதமேதை இராமானுசன் 1914 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இங்கிலாந்து சென்றடைந்தார். கேம்பிரிட்சு டிரினிட்டி கல்லூரி அவரை வரவேற்றது. அங்குக் கடுங்குளிரால் இரவில் உறக்கமின்றி வருந்திய அவர், மேலங்கியை அணிந்து சால்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். அக்காலத்துக் கேம்பிரிட்சில் பயின்றவரும், பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் புகழ் பெற்றவருமான மகலனோபிசு அவரது படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் பல மேல்விரிப்பின் கீழே மடித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பதை இராமானுசன் அறிந்திலர்; அவருக்கு எவரும் சொல்லவும் இல்லை. எண்களின் மறைபொருளை உணர்ந்த பேரறிஞர், தம் படுக்கையிலேயே இருந்த கம்பளியை உணராது குளிரில் நடுங்கினார். இஃது அவர் அறிவின் குறையன்று. ஓரிடத்து வழக்கம் நுண்ணறிவால் ஊகித்தறியத் தக்கதன்று. அவ்விடத்தார் கூறக் கேட்டே அறியத் தக்கது.

இவ்வுண்மையைக் காண இங்கிலாந்து வரையில் செல்ல வேண்டுவதில்லை. விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி மழைவளம் குறைந்த ஊர். அவ்வூரினராகிய ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922 ஆம் ஆண்டில் தீப்பெட்டித் தொழிலைக் கற்கும் பொருட்டுக் கல்கத்தா சென்றனர். அங்கு மொழி வேறு, உணவு வேறு, பழக்க வழக்கங்களும் வேறு. ஆயினும் பல திங்கள் தங்கித் தொழில் நுட்பத்தைக் கற்றுத் திரும்பினர். தெரியாததைத் தெரியாதென ஒப்புக்கொண்டு பிறரிடம் கேட்டறியும் பணிவு அவர்கட்கு இல்லாதிருப்பின், வறண்ட அவ்வூர் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர் பெற்ற நகராக மாறியிருத்தல் அரிது.

அப்பட்டாசுத் தொழிலே நமக்கு மற்றொரு பாடமும் கற்பிக்கின்றது. தொழிலகத்துட் புகும் புதியவன் முதற்கண் அறிய வேண்டியது மருந்து கலக்கும் திறமன்று; செய்யத் தகாதவை இவை என்பதே. பருத்தியாடை உடுத்த வேண்டும். பொறி பறக்கும் இரும்புக் கருவியைக் கையாளலாகாது. ஓர் அறையில் அளவுக்கு மிஞ்சி ஆளும் மருந்தும் சேரலாகாது. இவை சிறு செய்திகளாகத் தோன்றும். ஆனால் உயிர் இவற்றிலேதான் தங்கியிருக்கின்றது. 2012 ஆம் ஆண்டு செப்டம்பர் 5 ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள், தீயைக் கண்டு உதவி செய்ய ஓடியவர்களும், பார்க்கச் சென்றவர்களும் இருந்தனர். வெடிமருந்துக் கிடங்கு தீப்பற்றினால் அணுகாது விலகி நிற்க வேண்டும் என்னும் ஒரு சொல், உரிய காலத்தில் உரியவர் செவியில் விழுமாயின், அஃது எத்தனை உயிரைக் காக்கும்! முதற்பாடத்தை வீண் என்போர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

"பிறர் வழக்கங்களைக் கற்பதால் நம் பண்பு கெடாதோ?" என ஐயுறுவாரும் உண்டு. 1888 இல் காந்தியடிகள் இலண்டன் சேர்ந்தபோது, தம்மைக் காண வந்த மருத்துவர் மேத்தாவின் தொப்பியை எடுத்து மயிர் கலையுமாறு தடவினார். பிறர் பொருளைத் தொடுதல் அந்நாட்டு வழக்கமன்று என்பதை மேத்தா அவருக்கு எடுத்துரைத்தார். அது வேண்டிய அறிவுரை. பின்னர் அடிகள் நடனமும் பிடிலும் பயின்று ஆங்கிலக் கனவானாக முயன்றதோ வேண்டாத போலி. அதனைச் சில திங்களில் அவரே உணர்ந்து கைவிட்டார். ஆனால் புலால் உண்ணாமை என்னும் தம் நோன்பை இறுதிவரை விட்டிலர். விருதுநகர் ஈன்ற காமராசர் 1966 இல் சோவியத்து நாட்டிற்குச் சென்றபோதும் வேட்டியும் சட்டையுமாகவே சென்றார். பிறர் நெறியை அறிதல் வேறு. தம் நெறியை இழத்தல் வேறு. முன்னதைச் செய்தவனுக்குப் பின்னது நேர வேண்டுவதில்லை.

ஆதலின் புதிய இடம் புகுவோன் கேட்க நாணுதல் கூடாது. அவ்விடத்தார் சொல்லச் சோம்புதலும் கூடாது. இவ்விரு கடமைகளுள் பின்னதே பெரிது. வந்தவன் தான் எதனை அறியான் என்பதையும் அறியான். ஆகவே அவன் கேளாமுன்னரே கூறுதல் வேண்டும்.

மாணவர்களே! அயல்நாடு செல்லும் வாய்ப்பு உங்களுட் சிலர்க்கே வாய்க்கலாம். ஆனால் புதியவனை வரவேற்கும் வாய்ப்பு உங்கள் அனைவர்க்கும் உண்டு. வேற்றூரிலிருந்தோ, பிழைப்பு நாடி வந்த வடமாநிலத் தொழிலாளர் குடும்பத்திலிருந்தோ ஒரு மாணவன் உங்கள் வகுப்பிற்கு வருவான். குடிநீர் இருக்கும் இடத்தையும், மணியடித்தால் செல்ல வேண்டிய இடத்தையும் அவனுக்குக் காட்டுங்கள். உணவு வேளையில் உடன் அமருங்கள். அவன் மொழி தடுமாறும்போது நகையாதீர்கள். நூலில் இல்லாத அந்த முதற்பாடத்தை அவனுக்குக் கற்பிக்கும் ஆசிரியர் நீங்களே.