கொல்லம் கடலை ஏலம் விடாதே: கண்டன அறிக்கை

திருவனந்தபுரம், மார்ச் 2025

கொல்லத்துக்கு எதிரே கடலடியில் கிடக்கும் மணலைத் தனியாருக்கு ஏலம் விடும் மத்திய சுரங்க அமைச்சகத்தின் முடிவை எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. 2024 நவம்பர் 28 அன்று வெளியான ஏல அறிவிப்பில் 13 கடல் பகுதிகள் உள்ளன. குஜராத் கடலும் கிரேட் நிகோபார் கடலும் போக, 3 பகுதிகள் கேரளக் கரைக்கு எதிரே உள்ளவை. மூன்றும் சேர்ந்து சுமார் 242 சதுர கிலோமீட்டர். அங்கிருந்து எடுக்கத் திட்டமிட்டிருக்கும் கட்டுமான மணல் 30 கோடி டன். இதை அறிவிக்கும் முன் அந்தக் கடலில் வலை வீசுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வர்க்கலைக்கும் அம்பலப்புழைக்கும் இடைப்பட்ட கடலைக் 'கொல்லம் பரப்பு' என்பார்கள். கரிக்காடி இறாலும் கிளிமீனும் கணவாயும் கொழிக்கும் இடம். நீண்டகரை, சக்திகுளங்கரை துறைமுகங்கள் இந்தப் பரப்பை நம்பித்தான் இருக்கின்றன. இது மலையாளிகளின் பிரச்சினை, தமிழர்களான நமக்கென்ன என்று ஒதுங்க முடியாது. கேரளத் துறைமுகங்களில் படகேறும் குமரி மாவட்ட மீனவர்கள் ஏராளம். அவர்கள் வீட்டு அடுப்பும் இந்தக் கடலால்தான் எரிகிறது.

ஆண்டுதோறும் ஜூன் 9 நள்ளிரவு முதல் 52 நாட்கள் கேரளத்தில் இழுவைப் படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனம் பெருக வேண்டும் என்பதற்காக அரசு போட்ட தடை அது. விசைப்படகுத் தொழிலாளி அந்த நாட்களில் கடன் வாங்கிக் குடும்பம் நடத்துகிறான், தடையை மதிக்கிறான். அதே கடலில் டிரெட்ஜர் இறங்கி அடித்தரையை உறிஞ்சலாமாம். 2023-இல் திருத்தப்பட்ட கடல்சார் கனிமச் சட்டம் உற்பத்திக் குத்தகைக்குத் தரும் காலம் 50 ஆண்டுகள். அடித்தரை மண்ணில்தான் புழுவும் சிப்பியும் வாழ்கின்றன; அவற்றைத் தின்றுதான் மீன் வளர்கிறது. தோண்டும்போது கிளம்பும் கலங்கல் நீரோட்டத்தோடு பரவிப் பக்கத்து மீன்பிடித் தளங்களையும் மூடும். ஏல வரைபடத்தில் போட்ட கோட்டுக்குள் அது நிற்காது.

மறுதரப்பில் இருப்பவர்களையும் நாங்கள் அறிவோம். எங்கள் சங்கத்தில் மீனவர்களைவிடக் கொத்தனார்களும் சித்தாள்களும் அதிகம். ஆற்று மணல் இல்லாமல், எம்-சாண்ட் விலை ஏறி, வேலை நின்ற நாட்களை அவர்கள் அனுபவித்திருக்கிறார்கள். மணல் மலிந்தால் வேலை பெருகும் என்று செயற்குழுவிலேயே வாதாடினார்கள். அது நியாயமான கவலைதான். ஆனால் ஏலம் எடுக்கும் கம்பெனி அந்த மணலை எந்த விலைக்கு விற்கும், யாருக்கு விற்கும் என்று கேட்டபோது எவரிடமும் பதில் இல்லை. கூலிக்காரன் வீட்டுக்கு மலிவு மணல் வரும் என்பது வெறும் நம்பிக்கை. கடன்பட்டு வாங்கிய படகு கரையில் நின்றுவிடும் என்பது கண்ணெதிரே தெரியும் ஆபத்து. இரண்டையும் எடைபோட்ட பிறகு கொத்தனார்களும் சேர்ந்தே இந்த அறிக்கைக்குக் கை தூக்கினார்கள்.

நாட்டின் வளர்ச்சி என்கிறது மத்திய அரசு. 12 கடல் மைலுக்கு அப்பால் கிடைக்கும் கனிமத்தின் ராயல்டி முழுவதும் டில்லிக்கே போகும். நட்டம் மட்டும் கரையோரத்துக்கு. சுரங்கத் தொழிலில் 100 சதவீத அந்நிய முதலீட்டுக்குக் கதவு திறந்திருக்கும் நாடு இது. இந்தியாவில் பதிவான கம்பெனி என்ற பலகைக்குப் பின்னால் எந்த நாட்டு மூலதனம் வந்து உட்காரும் என்பதற்கு யாரும் எங்களுக்கு உத்தரவாதம் தரவில்லை.

இந்தப் பயம் கற்பனையல்ல. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இந்தக் கரையிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டுவோமே, அந்த மேன்டிலுக்கு வேண்டிய தோரியம் அதில் இருந்தது. குமரிக் கரையின் மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. ஜெர்மன் முதலாளி போய் பிரிட்டிஷ் முதலாளி வந்தான். ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகள் நம் மணலால் எரிந்தன. நம் குப்பங்கள் இருட்டில் கிடந்தன. 1950-இல் இந்திய அரசும் திருவிதாங்கூர்-கொச்சி அரசும் சேர்ந்து அருமணல் நிறுவனத்தைத் தொடங்கிய பிறகே அந்தச் செல்வம் பொதுத்துறைக்கு வந்தது. இன்று கடலுக்கு அப்பால் இலங்கையின் மன்னார் தீவில், இல்மனைட் மணலைத் தோண்ட ஆஸ்திரேலியக் கம்பெனி ஒன்று முயல்கிறது. அங்குள்ள தமிழ் மக்கள் எதிர்த்து நிற்கிறார்கள்.

பொதுத்துறை ஆகிவிட்டால் குறை தீர்ந்தது என்றும் நாங்கள் சொல்லவில்லை. கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவே நாடாவைப் போலக் கிடக்கும் கொல்லம் மாவட்டத்து ஆலப்பாட்டில் மணல் எடுத்தவை அரசு நிறுவனங்கள்தான். ஊர் கரைந்துபோகிறது என்று அந்த மக்கள் போராடியதை நாடு பார்த்தது. முதலாளி வெளிநாட்டவனா, உள்நாட்டவனா, அரசாங்கமா என்பது முக்கியமான கேள்வி. அதற்கும் முந்திய கேள்வி, அங்கே வாழ்கிறவர்களின் சம்மதம் பெறப்பட்டதா என்பது.

பிப்ரவரி 27 அன்று கேரளக் கரையோரம் முழுவதும் ஹர்த்தால் நடந்தது. ஆளுங்கட்சித் தொழிற்சங்கமும் எதிர்க்கட்சித் தொழிற்சங்கமும் ஒரே பந்தலில் நின்றன. மார்ச் 4 அன்று கேரளச் சட்டமன்றம் ஏலத்தைக் கைவிடக் கோரி ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. இதற்கு மேலும் ஒரு மாநிலம் தன் எதிர்ப்பை எப்படிச் சொல்ல வேண்டும்?

மத்திய அரசு ஏல அறிவிப்பை உடனே திரும்பப் பெற வேண்டும். கொல்லம் பரப்பை மீன்வளக் காப்புப் பகுதியாக அறிவித்து, அங்கே எந்தக் கனிமம் எடுக்கவும் நிரந்தரத் தடை விதிக்க வேண்டும். கடல்சார் கனிமச் சட்டத்தின் 2023 திருத்தத்தைக் கரையோர மாநிலங்களையும் மீனவர் அமைப்புகளையும் அழைத்து மறுபரிசீலனை செய்ய வேண்டும். குமரி மீனவர்களின் பிழைப்பும் இதில் அடங்கியிருப்பதால் தமிழ்நாடு அரசும் கேரளத்தோடு சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் நடப்புக் கூட்டத்தொடரிலேயே இதை எழுப்ப வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள்