செங்கோட்டை யாரைக் கேட்டு இந்தப் பக்கம் வந்தது?

ஒவ்வொரு நவம்பர் 1-ம் தேதியும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டைப் பக்கமும் 'தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள்' நினைவுகூரப்படுகிறது. எல்லைப் போராட்டத் தியாகிகளுக்கு மாலை, மேடை, மைக், பேச்சு. 1956-ல் இதே நாளில்தான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. முதல் நான்கும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனது. செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தோடு ஒட்டியது; 2019-ல் தென்காசி தனி மாவட்டமானபோது அங்கே போய்விட்டது.

மேடையில் பெரும்பாலும் யாரும் கேட்காத ஒரு கேள்வி உண்டு. ஒரு தாலுகாவை ஒரு மாநிலத்திலிருந்து எடுத்து இன்னொரு மாநிலத்தில் வைப்பதற்கு யாருடைய சம்மதம் வாங்கினார்கள்?

சட்டப்படி பார்த்தால், நாடாளுமன்றத்தைத் தவிர வேறு யாருடைய சம்மதமும் தேவைப்படவில்லை. அங்கிருந்த தமிழர்களுக்கு விருப்பம் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. விருப்பம் ரத்தத்தால் எழுதப்பட்டிருந்தது. நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 1954 தேர்தலில் 12 இடங்களை வென்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 11-ம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆனால் மக்கள் விரும்பினார்கள் என்பது ஒரு விஷயம், மக்களைக் கேட்டார்கள் என்பது வேறு விஷயம். இந்திய அரசியல் சாசனத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது.

2021-ல் தமிழ்நாட்டில் 'மத்திய அரசு' என்பதா, 'ஒன்றிய அரசு' என்பதா என்று ஒரு சண்டை ஓடியது நினைவிருக்கலாம். சாசனத்தின் முதல் பிரிவே இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்றுதான் சொல்கிறது. அந்த வகையில் சொல் சரியானதே. ஆனால் ஒன்றியம் என்று சொல்லிவிட்டாலே மாநிலங்களுக்குக் கூடுதல் மரியாதை வந்துவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கொடுத்த விளக்கம் இதுதான்: இந்தியக் கூட்டாட்சி மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு உருவாக்கியது கிடையாது, அதனால் பிரிந்துபோகும் உரிமையும் எந்த மாநிலத்துக்கும் கிடையாது. அதைக் காட்டத்தான் 'ஒன்றியம்' என்ற சொல்லையே தேர்ந்தெடுத்தார்கள்.

அப்படின்னா கூட்டாட்சி, ஒன்றியம், கூட்டமைப்பு, சுதந்திரக் கூட்டிணைவு என்று இத்தனை பெயர்கள் எதற்கு? பெயரை வைத்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். இரண்டே கேள்விகள் போதும். வெளியே போக யாரால் முடியும்? எல்லைக்கோட்டை நகர்த்த யார் 'சரி' சொல்லவேண்டும்?

நெல்லைச் சீமை இந்த வகைகளில் பெரும்பாலானவற்றைத் தானே அனுபவித்துப் பார்த்த ஊர்.

பூலித்தேவர் கட்டியது என்ன?

1755-ல் ஆற்காடு நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் கம்பெனியின் கர்னல் ஹெரானும் கப்பம் வசூலிக்கப் படையோடு தெற்கே வந்தார்கள். நெற்கட்டும்செவல் பூலித்தேவர் மேற்குப் பாளையங்களைத் திரட்டி ஒரு அணி அமைத்தார். இன்றைய பாஷையில் இது கூட்டமைப்பு, அதாவது கான்ஃபெடரேஷன். ஆளுக்கொரு கோட்டை, ஆளுக்கொரு படை, ஆளுக்கொரு கஜானா. ஆபத்து வந்தால் மட்டும் சேர்ந்து நிற்பது. எட்டயபுரம் உள்ளிட்ட கிழக்குப் பாளையங்கள் சேரவில்லை. அவர்களைச் சேரச் சொல்ல யாருக்கும் அதிகாரமும் இல்லை. ஆரம்பத்தில் கூட நின்ற திருவிதாங்கூர், பிறகு யூசுப்கான் பக்கம் சாய்ந்தது. 1761-ல் நெற்கட்டும்செவல் வீழ்ந்தது.

யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்பது கேட்க அழகான சுதந்திரம். பீரங்கி வாசலுக்கு வரும்போதுதான் அதன் விலை தெரியும். பூலித்தேவரின் வீரத்தைப் பற்றிப் பாட்டும் கூத்தும் நிறையவே இருக்கின்றன. அந்தக் கூட்டணியின் அமைப்பில் இருந்த ஓட்டையைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

திருவிதாங்கூர் சென்ற பாதை வேறு. 1795-லும் 1805-லும் கம்பெனியோடு உடன்படிக்கை போட்டது. பாதுகாப்பு கம்பெனியின் பொறுப்பு, அதற்குப் பணம் மன்னரின் பொறுப்பு. பணம் வராமல் போனால் உள்நிர்வாகத்திலேயே கம்பெனி கைவைக்கலாம். பார்வைக்கு இரண்டு சமமான தரப்புகளின் ஒப்பந்தம். நிஜத்தில் எப்படி என்பது 1809-ல் வேலுத்தம்பி தளவாய் கிளர்ச்சி செய்து தோற்றபோது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இந்த ஏற்பாட்டுக்குள்தான் செங்கோட்டை இருந்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் சொந்த ஊர் அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானம், பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வெளியே. பாடப்புத்தகத்தில் இந்த விவரத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

1947 ஜூனில் திவான் சி.பி. ராமசாமி அய்யர் திருவிதாங்கூர் தனி நாடாகவே இருக்கும் என்று அறிவித்தார். ஜூலை 25-ல் அவர் மீது தாக்குதல் நடந்தது. அடுத்த சில நாட்களில் மன்னர் இணைப்புக்கு ஒப்புக்கொண்டார். அந்த இணைப்புப் பத்திரத்தில் டெல்லிக்குக் கொடுத்தது மூன்றே மூன்று: பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு. 1949 ஜூலை 1-ல் கொச்சியோடு சேர்ந்து புது மாநிலம். 1950-ல் சாசனம் வந்ததும் மூன்று துறை என்ற கணக்கே காணாமல் போனது. இரண்டரை வருஷத்துக்குள் இணைப்பு என்பது கரைந்து ஒன்றாவதாக மாறிவிட்டது.

மூன்றாம் பிரிவு என்ற ரப்பர்

சாசனத்தின் 3-வது பிரிவு நாடாளுமன்றத்துக்கு ஒரு பென்சிலையும் ஒரு ரப்பரையும் சேர்த்தே கொடுத்திருக்கிறது. புது மாநிலம் உருவாக்கலாம், இருப்பதைச் சுருக்கலாம், பெயரை மாற்றலாம், எல்லையை மாற்றலாம். சாதாரணப் பெரும்பான்மை போதும். சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டமன்றத்திடம் கருத்து கேட்கவேண்டும். கேட்டால் போதும், ஏற்கவேண்டியதில்லை. பாபுலால் பராத்தே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை 1959-லேயே உறுதி செய்துவிட்டது. 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் அதை நிறைவேற்ற, தெலங்கானா பிறந்தது.

1956-க்கு வருவோம். மாநில மறுசீரமைப்புச் சட்டம் ஆகஸ்ட் 31-ல் சட்டமானது. அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசே இல்லை. மார்ச் மாதத்திலிருந்து குடியரசுத் தலைவர் ஆட்சி. தாலுகாக்கள் கைமாறிய நவம்பர் 1 அன்றும் அதே நிலைதான்.

இந்தக் காட்சி எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? 2019 ஆகஸ்ட் 5. ஜம்மு-காஷ்மீரில் குடியரசுத் தலைவர் ஆட்சி. சட்டமன்றம் இல்லாததால் அதன் இடத்தில் நாடாளுமன்றமே அமர்ந்தது. கருத்து கேட்டதும் நாடாளுமன்றம், கருத்து சொன்னதும் நாடாளுமன்றம். ஒரு மாநிலம் இரண்டு யூனியன் பிரதேசங்களாகியது. 2023 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் லடாக்கைப் பிரித்ததைச் சரி என்றது. ஒரு மாநிலத்தை முழுசாகவே யூனியன் பிரதேசமாக்கலாமா என்ற கேள்விக்கோ, மாநில அந்தஸ்து திரும்பத் தரப்படும் என்ற அரசின் உறுதியை ஏற்றுக்கொண்டு, முடிவு சொல்லாமலே விட்டுவிட்டது.

1956-ஐக் கொண்டாடி, 2019-ஐக் கண்டிப்பவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். இரண்டுக்கும் நோக்கம் வேறு, மக்களின் மனநிலை வேறு என்பது உண்மை. செங்கோட்டைக்கு மக்கள் ஆதரவு இருந்தது. ஆனால் பயன்பட்ட கருவி ஒன்றே. நமக்கு வேண்டியதைச் செய்தபோது யாரும் அதைக் கூர்ந்து பார்க்கவில்லை.

வெளியே எப்படி?

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் பகுதியை எடுத்துப் புது மாநிலம் ஆக்கவேண்டும் என்றால் அந்த மாநிலச் சட்டமன்றத்தின் சம்மதம் கட்டாயம். வெளியே போகும் உரிமை மட்டும் அங்கேயும் இல்லை. 1869-ல் டெக்சாஸ் வழக்கிலேயே அந்தக் கதவு சாத்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கதவு திறந்தே இருக்கிறது. 2016-ல் வாக்கெடுப்பு நடத்திய பிரிட்டன் 2020 ஜனவரி 31-ல் வெளியேறியது. பெயர் இரண்டுக்கும் 'ஒன்றியம்' என்றாலும் ஐரோப்பாவுடையது வேறு ஜாதி.

சுதந்திரக் கூட்டிணைவு இன்னொரு தினுசு. பசிபிக்கில் இருக்கும் குக் தீவுகள் 1965-லிருந்து நியூசிலாந்தோடு அப்படி இருக்கின்றன: சொந்த நாடாளுமன்றம், ஆனால் மக்களுக்கு நியூசிலாந்துக் குடியுரிமை. இந்தியாவும் ஒருமுறை இதுபோல ஒன்றை முயன்று பார்த்தது. சிக்கிமை 'இணை மாநிலம்' ஆக்க சாசனத்தையே திருத்தினார்கள். 1975-ல் நடைமுறைக்கு வந்த அந்த ஏற்பாடு மூன்று மாதம்கூட நீடிக்கவில்லை, சிக்கிம் முழு மாநிலமாகிவிட்டது.

செங்கோட்டையோடு வைத்துப் பார்க்கச் சரியான உதாரணம் சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. மூத்தியே என்று ஒரு சின்ன ஊர். பிரெஞ்சு பேசும் ஊர், ஆனால் ஜெர்மன் மொழி பெரும்பான்மையான பெர்ன் மாகாணத்தில் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் பிரெஞ்சு பேசும் ஜூரா. 2017-ல் ஊர்க்காரர்களிடம் வாக்கெடுப்பு. அது முறைகேடு புகாரில் ரத்தானது. 2021 மார்ச்சில் மறுபடி வாக்கெடுப்பு, சுமார் 55 சதவீதம் பேர் ஜூராவுக்குப் போவோம் என்றார்கள். பிறகு 2024-ல் இரண்டு மாகாண மக்களும் தனித்தனியாக வாக்களித்து ஒப்புக்கொண்டார்கள். 2026 ஜனவரி 1-ல்தான் ஊர் கைமாறியது. இழுவையோ இழுவை. ஆனால் தோற்ற 45 சதவீதம்கூட தன்னைக் கேட்கவில்லை என்று சொல்லமுடியாது.

மாநிலச் சட்டமன்றத்தின் சம்மதம் கட்டாயம் என்று 3-வது பிரிவைத் திருத்திவிட்டால் போதுமா? இங்கேதான் சிக்கல். 1956-ல் அப்படி ஒரு விதி இருந்திருந்தால், மலையாளிகள் பெரும்பான்மையான சட்டமன்றம் கன்னியாகுமரியை விட்டுக்கொடுத்திருக்குமா? சந்தேகம்தான். தெலங்கானாவும் வந்திருக்காது. மாநிலத்துக்கு வீட்டோ கொடுத்தால் மாநிலத்துக்குள் இருக்கும் சிறுபான்மை பூட்டப்பட்டுவிடும். ஆகவே முதல் குரல் அந்தப் பகுதி மக்களுடையதாக இருக்கவேண்டும்: எல்லையோ அந்தஸ்தோ மாறும் தாலுகாவில் வாக்கெடுப்பு. கூடவே, குடியரசுத் தலைவர் ஆட்சி நடக்கும்போது 3-வது பிரிவைத் தொடவே கூடாது என்று ஒரு வரி. மத்திய-மாநில உறவுகளை ஆராய 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் குழு அமைத்த தமிழ்நாடு அரசு, இதைத் தன் கோரிக்கைகளில் முன்னால் வைக்கலாம்.

வைப்பதற்கு முன் தன் வீட்டையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். 2019-ல் திருநெல்வேலியை உடைத்துத் தென்காசியை உருவாக்கியபோது யாரிடம் வாக்கெடுப்பு நடந்தது? அரசாணை வந்தது, மாவட்டம் பிரிந்தது. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்திருந்தது. 2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்களுக்குத் தேர்தல் வந்தபோது, மறுவரையறை முடியவில்லை என்று திருநெல்வேலி, தென்காசி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டன. இங்கே தேர்தல் நடந்தது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். ஐந்து வருஷம் ஆற்றங்கரை ஊர்களுக்குத் தேர்ந்தெடுத்த பஞ்சாயத்துத் தலைவர் கிடையாது, தனி அலுவலர்தான். டெல்லி சென்னைக்குச் செய்வதாகச் சொல்லப்படும் அதே வேலையைச் சென்னை அம்பாசமுத்திரத்துக்கும் கடையத்துக்கும் செய்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஐந்து தாலுகாக்களோடு சேர்த்துக் கேட்கப்பட்ட தேவிகுளமும் பீர்மேடும் 1956-ல் கிடைக்கவில்லை. தோட்டத் தொழிலாளர்கள் நிரந்தரக் குடிகள் இல்லை என்ற வாதம் அப்போது வலுவாக ஓடியது; பசல் அலி ஆணையம் அந்த இரண்டையும் கேரளத்துக்கே பரிந்துரைத்தது. நவம்பர் 1 மேடையில் அந்தத் தோல்விக்காக இன்றும் வருத்தப்படுகிறார்கள். வந்த செங்கோட்டையிலும் வாக்குப்பெட்டி வைக்கவில்லை, வராத தேவிகுளத்திலும் வைக்கவில்லை.