மலையேறும் பழைய கார்களும் மடிக்கணினி மெக்கானிக்குகளும்

2025ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ‘கிளீன் ஸ்ரீ லங்கா’ வேலைத்திட்டத்தின் பெயரால் பொலிஸார் நாடளாவிய ரீதியில் வாகனச் சோதனைகளை ஆரம்பித்தபோது மேலதிக மின்விளக்குகளும், காதைப் பிளக்கும் ஹோன்களும், அலங்காரப் பொருட்களும், சட்டத்துக்கு முரணான சைலன்சர்களும் வீதியோரத்திலேயே கழற்றப்பட்டமை வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். தனியார் பஸ் உரிமையாளர்களும் முச்சக்கர வண்டிச் சாரதிகளும் எதிர்ப்புத் தெரிவித்ததையடுத்து கால அவகாசம் வழங்க வேண்டியேற்பட்டது. அந்நடவடிக்கையின் நியாய அநியாயங்கள் குறித்து அப்போதே போதியளவு பேசப்பட்டுவிட்டது. பேசப்படாது போன விடயம் ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியும் மாற்றங்களைக் கழற்றிவிடலாம். ஆனால், காரின் முன்தட்டுக்குக் கீழே, ஒரு பாடப் புத்தகத்தின் அளவேயான உலோகப் பெட்டிக்குள் செய்யப்படும் மாற்றத்தை எந்தப் பொலிஸ் உத்தியோகத்தராலும் வீதியில் நின்றுகொண்டு கண்டறிய முடியாது.

அந்தப் பெட்டிதான் எஞ்சின் கணினி. பெற்றோலை எந்தக் கணத்தில் எவ்வளவு தெளிப்பது, தீப்பொறியை எப்போது மூட்டுவது என்பதையெல்லாம் அதுவே தீர்மானிக்கின்றது. ஹட்டன், நுவரெலியா, நாவலப்பிட்டி, கம்பளை வட்டாரங்களிலுள்ள கராஜ்களில் இன்று ஸ்பானரோடு மடிக்கணினியும் ஒரு கருவியாகிவிட்டது. 1990களில் ஜப்பானில் தயாரிக்கப்பட்ட ஹொண்டா சிவிக், டொயோட்டா கொரோல்லா, மிட்சுபிஷி லான்சர் போன்ற கார்களின் கணினிகளைத் திறந்து, அவற்றிலுள்ள எண்களை மாற்றியெழுதும் இளைஞர்கள் இப்பகுதிகளில் உருவாகியிருக்கின்றனர். அவர்களுள் தமிழரும் உளர், முஸ்லிம்களும் உளர், சிங்களவரும் உளர். கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய எஞ்சினைத் தோட்டப்புறத்துக் கராஜில் பொருத்தி ஓடவைப்பதில் இனபேதம் எதுவும் குறுக்கிடுவதாக நாம் அறியவில்லை.

இதனைப் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது இலகு. அவ்வாறு ஒதுக்குவோர் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை மறந்துவிடுகின்றனர். வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடியின் காரணமாக அப்போது நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிநபர் பாவனைக்கான கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஏறத்தாழ 5 ஆண்டுகள் நாட்டுக்குள் புதிதாகக் கார்கள் வரவில்லை. இறக்குமதி திறக்கப்பட்ட பின்னரும், வரிச்சுமையுடன் கூடிய விலை நடுத்தர வர்க்கத்தினரின் கைக்கு எட்டுவதாக இல்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,350 ரூபாயாக்குவதற்கே 2024இல் எத்தனை பேச்சுவார்த்தைகளும் வழக்குகளும் தேவைப்பட்டன என்பதை இங்கு நினைவூட்ட வேண்டியதில்லை. எனவே ஆசிரியரும், தோட்ட உத்தியோகத்தரும், சிறு வியாபாரியும், வாடகைக் கார் ஓட்டுபவரும் 25 வருடப் பழைமையான காரையே திருத்தித் திருத்தி ஓட்டுகின்றனர். எஞ்சின் பழுதடைந்தால் வேறு எஞ்சின். இன்ஜெக்டர் பழுதடைந்தால் கிடைக்கின்ற இன்ஜெக்டர். பொருந்தாத இவ்வுறுப்புகளைப் பொருந்தச் செய்ய வேண்டுமாயின் கணினியிலுள்ள எண்களை மாற்றியே ஆக வேண்டும். ஆகவே மலையகத்தில் இத்தொழில் ஆடம்பரத்தினால் மட்டும் வளர்ந்ததன்று.

மலையகத்துக்கு இதில் தனியான ஒரு பிரச்சினையும் இருக்கின்றது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,860 மீற்றருக்கும் அதிக உயரத்தில் அமைந்துள்ளது. அங்கு காற்றின் அழுத்தம் கொழும்பில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்கு மாத்திரமே. ஹட்டனிலும் ஏழில் ஒரு பங்கு குறைவு. ஒரு கிராம் பெற்றோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று குறையுமிடத்தில் பெற்றோலும் குறைக்கப்பட வேண்டும் என்பது சாதாரண அறிவு. காபுரேட்டர் காலத்தில் மலையேறும் கார்கள் கரும்புகை கக்கியதும் மூச்சுத் திணறியதும் இதனாலேயே. கணினி வந்த பின்னர் இக்குறை பெருமளவு நீங்கிற்று. எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அழுத்தத்தை ஒரு சென்சர் அளக்கின்றது. எஞ்சின் சுழலும் வேகத்தை ஒரு பக்கமும் காற்றழுத்தத்தை மறுபக்கமும் வைத்து வரையப்பட்ட பெரிய வாய்பாடு போன்றதோர் அட்டவணை கணினியின் நினைவகத்தில் உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெக்கன் திறந்திருக்க வேண்டும் என்பது எழுதப்பட்டிருக்கும். 1990களின் ஹொண்டா கார்களில் வெளிக்காற்றின் அழுத்தத்தை அளப்பதற்கென்றே கணினிப் பெட்டிக்குள் இன்னொரு சென்சரும் இருந்தது. ஜப்பானிய பொறியியலாளர்கள் நுவரெலியாவை மனதிற்கொண்டு அதனைச் செய்திருக்க மாட்டார்கள். ஆயினும் அதன் பயனை நாம் அனுபவித்தோம்.

அந்த அட்டவணையை மாற்றியெழுதும்போதுதான் கோளாறு தொடங்குகின்றது. கொழும்பில் 30 பாகை வெப்பத்தில், கடல் மட்டத்தில் சரிசெய்யப்பட்ட ஒரு கார், ஜனவரி மாதத்து அதிகாலையில் தேயிலைக் கொழுந்தின் மேல் உறைபனி படிந்திருக்கும் நுவரெலியாவில் ஸ்டார்ட் ஆக மறுக்கின்றது. ஏனெனில், குளிர்ந்த எஞ்சினுக்கு மேலதிகமாக எவ்வளவு பெற்றோல் வேண்டும் என்ற பகுதியைக் கொழும்பில் எவரும் சோதித்துப் பார்ப்பதில்லை. பந்தயக் கார்களைப் பார்த்துச் சிலர் அழுத்தச் சென்சரையே நீக்கிவிட்டு, எக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கின்றது என்பதை மாத்திரம் கொண்டு பெற்றோலைக் கணக்கிடச் செய்கின்றனர். அத்தகைய கார் ரம்பொடையைத் தாண்டி ஏறும்போது பழைய காபுரேட்டர் கார் போலவே பெற்றோலை வீணடிக்கின்றது. எரியாத பெற்றோல் எஞ்சின் எண்ணெயுடன் கலந்து உலோகத்தைத் தேய்க்கின்றது.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. காற்றழுத்தம் குறைந்த நுவரெலியாவில் தீப்பொறியைச் சற்று முன்கூட்டியே மூட்டினாலும் எஞ்சின் ‘தட்டுவதில்லை’. 92 ஒக்டேன் பெற்றோலே போதுமானதாகத் தோன்றும். கார் துள்ளி ஓடும், உரிமையாளரும் மகிழ்வார். அதே கார் அதே எண்களுடன் அவிசாவளைக்கு இறங்கி, ஆட்களை ஏற்றிக்கொண்டு அடுத்த ஏற்றத்தில் முழு மூச்சுடன் ஏறும்போது எஞ்சினுக்குள் தட்டல் ஆரம்பிக்கின்றது. பிஸ்டன் உருகிய பின்னரே காரணம் தேடப்படுகின்றது. எமக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இவ்வகையில் இரண்டு எஞ்சின்களை இழந்தார். இரண்டாம் முறையும் அவர் பெற்றோல் நிலையத்தையே குறை கூறினார்!

தவறு செய்யும் இளைஞர்களை மாத்திரம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமாகாது. அவர்களுக்கு இத்தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் யார்? பழைய ஹொண்டா கணினியிலிருந்து சிப்பைக் கழற்றி, அவ்விடத்தில் சொக்கட் ஒன்றைப் பற்றவைத்து, புதிய எண்கள் பதிந்த சிப்பைப் பொருத்தும் நுட்பத்தை அவர்கள் இணையத்தில் ஆங்கில வீடியோக்களைப் பார்த்துப் பார்த்தே கற்றனர். அமெரிக்காவில் புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ ஆகிய இருவர் 2001ஆம் ஆண்டளவில் உருவாக்கிய ‘மெகாஸ்குவர்ட்’ என்ற, வீட்டிலேயே பொருத்தக்கூடிய எஞ்சின் கணினி, உலகெங்கும் வசதி குறைந்தவர்களுக்கு இக்கதவைத் திறந்துவிட்டது. அவுஸ்திரேலியாவின் ஹோல்டெக், நியூஸிலாந்தின் லிங்க் போன்றவை விலையுயர்ந்தவை. எல்லாவற்றுக்கும் மென்பொருள் ஆங்கிலத்தில், கையேடு ஆங்கிலத்தில். மலையகத்தின் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் தொழில்நுட்பம் கற்பிக்கப்படாமலில்லை. எனினும் தமிழ் மொழி மூலப் போதனாசிரியர்களும் பாடநூல்களும் போதாமை நெடுநாளைய குறை. அடிப்படைப் பாடத்துக்கே அந்நிலை எனில், எஞ்சின் கணினியின் அட்டவணையை வாசிப்பதைப் பற்றிப் பேசவும் வேண்டுமா?

கருவியும் இல்லை. சக்கரங்களை உருளைகளின் மேல் ஓடவிட்டு, மலையேறும் சுமையைக் கராஜுக்குள்ளேயே கொடுத்து, கலவையை அளந்து திருத்துவதற்கு டைனோ எனப்படும் இயந்திரம் வேண்டும். சிறிய கராஜ் உரிமையாளர் ஒருவர் அதனை வாங்குவது பற்றி நினைத்தும் பார்க்க முடியாது. ஆகவே பொது வீதியே அவர்களின் பரிசோதனைக்கூடமாகின்றது. ஒருவர் காரை ஓட்ட, மற்றவர் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு எண்களை மாற்ற, முழு வேகத்தில் ஓடிப் பார்ப்பது இத்தொழிலில் வழக்கமாகியுள்ளது. ஒரு பக்கம் மண்மேடும் மறுபக்கம் பள்ளத்தாக்குமாக வளைந்து செல்லும் தோட்ட வீதிகளில், கொழுந்து நிறுத்து முடித்து லயங்களுக்குத் திரும்பும் பெண்களும் பாடசாலைப் பிள்ளைகளும் நடக்கும் வீதிகளில் இது நடைபெறுகின்றது.

அரசாங்கத்திடம் இதற்கு உள்ள ஒரே கருவி புகைப் பரிசோதனை. 2008ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்டு, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குக் கட்டாயமாக்கப்பட்ட அத்திட்டம் நகரங்களின் காற்றுக்கு நன்மை செய்திருக்கின்றது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், பெற்றோல் கார் நின்ற இடத்தில், சுமையின்றியே சோதிக்கப்படுகின்றது. கார் நிற்கும்போது கணினி பயன்படுத்துவது அட்டவணையின் ஒரு மூலையிலுள்ள சில கட்டங்களை மாத்திரமே. அக்கட்டங்களைச் சரியாக எழுதிவிட்டால், மலையேறும்போது எவ்வளவு நஞ்சைக் கக்கினாலும் சான்றிதழ் கிடைத்துவிடும். ‘கெட்டலிட்டிக்’ எனப்படும் புகை சுத்திகரிக்கும் பகுதியை வெட்டியெறிந்த கார்கள்கூட இவ்வாறு தப்பிவிடக்கூடும்.

இதில் மலையக மெக்கானிக்கை மட்டும் கள்ளன் என்று கூறுவதற்கில்லை. உலகின் மிகப் பெரிய வாகன உற்பத்தி நிறுவனங்களுள் ஒன்றான வொக்ஸ்வேகன், சோதனை நடைபெறுவதைக் கணினியே உணர்ந்து அப்போது மாத்திரம் புகையைக் குறைக்கும்படி டீசல் கார்களின் மென்பொருளை அமைத்திருந்தமை 2015 செப்டெம்பரில் அமெரிக்காவில் அம்பலமானது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 இலட்சம் வாகனங்களில் அம்மென்பொருள் இருந்ததை அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. பட்டம் பெற்ற பொறியியலாளர்கள் திட்டமிட்டுச் செய்ததை, எமது இளைஞன் பெரும்பாலும் அறியாமையினால் செய்கின்றான். நிற்கும் வாகனத்தைச் சோதிக்கும் முறை இரண்டையுமே கண்டுகொள்ளாது.

இறக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. கியரில் இருக்கும் கார் இறக்கத்தில் செல்லும்போது சாரதி எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், எஞ்சின் கணினி பெற்றோலை முற்றாக நிறுத்திவிடுகின்றது. அப்போது ஒரு சொட்டும் செலவாவதில்லை. எஞ்சினே பிரேக்காகவும் செயற்படுகின்றது. 2022ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாயைத் தொட்ட நாட்களில், இறக்கங்களில் நியூட்ரலில் விட்டுச் சிக்கனம் செய்வதாக எண்ணியவர்கள் உண்மையில் பெற்றோலையும் செலவழித்து, எஞ்சின் பிரேக்கையும் இழந்தனர். இதனைவிட மோசமானது, சைலன்சரிலிருந்து வெடிச்சத்தம் வரவேண்டும் என்பதற்காக அந்தப் பெற்றோல் நிறுத்தத்தையே கணினியில் அழித்துவிடும் இன்றைய மோகம். இறக்கத்தில் வேண்டுமென்றே பெற்றோல் தெளிக்கப்பட்டு, தீப்பொறி தாமதிக்கப்பட்டு, புகைக்குழாய்க்குள் அது வெடிக்கின்றது. எஞ்சின் பிரேக் பலவீனமடைகின்றது. முழுப் பாரமும் சக்கரப் பிரேக்கின் மேல் விழுகின்றது. 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லவில் 23 பேரைப் பலிகொண்ட பஸ் விபத்துக்கும், அவ்வாண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி எல்ல – வெல்லவாய வீதியில் 15 பேரைப் பலிகொண்ட பஸ் விபத்துக்கும் இதனுடன் தொடர்பில்லை. எனினும் மலை வீதி தவறை மன்னிப்பதில்லை என்பதை அறிய அவ்விரண்டுமே போதும்.

பந்தயங்களை நாம் எதிர்க்கவில்லை. 1930களில் ஆரம்பமான மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் நுவரெலியாவின் ஏப்ரல் வசந்த காலத்தின் ஒரு பகுதியாகவே வளர்ந்தது. எஞ்சின் கணினியைச் சரிசெய்யும் திறமை இந்நாட்டில் வேரூன்றியதில் இத்தகைய பந்தயங்களுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பார்வையாளர்கள் மீது பாய்ந்து, சிறுமி ஒருவர் உட்பட 7 பேர் உயிரிழந்தனர். ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயத் திடலிலேயே இந்நிலை எனில், வேலியும் கொடியும் இல்லாத தோட்ட வீதியில் என்ன பாதுகாப்பு?

அயல்நாடான இந்தியாவில், உற்பத்தியாளர் வகுத்த அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவது சட்டவிரோதம் என 2019 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உதிரிப்பாகமே கிடைக்காத எமது நாட்டில் அத்தகைய முழுத் தடை பழைய கார்களை வீதியிலிருந்து அகற்றாது. கராஜ்களை இருட்டறைகளுக்குள் தள்ளுவதாகவே முடியும். ஜேர்மனியின் வழி வேறு. அங்கு எஞ்சின் கணினியில் செய்யப்படும் மாற்றமும் அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகரால் சோதிக்கப்பட்டு வாகனத்தின் பத்திரத்தில் பதியப்படுகின்றது. எமது பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் உண்டு, சேஸி இலக்கம் உண்டு, நிறம் உண்டு. கணினியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் அந்த ஒரு வரியைச் சேர்ப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். மாற்றியவர் யார், எப்போது மாற்றினார் என்பது எழுத்தில் இருந்தால், பிஸ்டன் உருகிய ஆசிரியருக்கும் கேட்பதற்கு ஓர் இடம் கிடைக்கும். பொறுப்புடன் வேலை செய்யும் இளைஞனுக்கும் பெயர் கிடைக்கும்.

அத்துடன், சுமையேற்றிச் சோதிக்கும் டைனோ இயந்திரம் ஒன்றை ஹட்டனிலோ நுவரெலியாவிலோ உள்ள தொழிற்பயிற்சி நிலையமொன்றில் அரசாங்கம் நிறுவ வேண்டும். பகலில் மாணவர்களுக்குத் தமிழில் கற்பிக்கவும், மாலையில் நியாயமான கட்டணத்துக்குக் கராஜ் உரிமையாளர்கள் தமது வாடிக்கையாளர்களின் கார்களைக் கொண்டுவந்து சரிசெய்யவும் அது பயன்படும். கடல் மட்டத்தில் அன்றி, இம்மலைக் காற்றிலேயே இந்தக் கார்கள் அளக்கப்படும். இதற்கான செலவு, இறக்குமதி திறந்துவிடப்பட்ட பின்னர் கொழும்பு வீதிகளில் நாம் காணும் பெரிய சொகுசு வாகனம் ஒன்றின் விலையைத் தாண்டாது.